ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஐந்து வாரமாக அவரை அழைக்கவும் முடியவில்லை

கேளம்பாக்கம் வாசி:

அனைவருக்கும் வணக்கம். சிறுசேரி சிப்காட்டில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன்; கடந்த மூன்று ஆண்டுகளாகப் பதினான்கு பேர் கொண்ட அணிக்கு லீடாக இருக்கிறேன். ஐந்து வாரங்களுக்கு முன்பு எங்கள் பிரிவில் ஆட்குறைப்பு நடந்தது; என் அணியிலிருந்து இருவரை அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், சேர்ந்த நாளிலிருந்து நான் அண்ணா என்று அழைத்து வருபவர். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும், என் திருமணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவரும் அவர்தான். அன்றிலிருந்து இன்றுவரை நான் அவருக்கு ஒருமுறைகூட ஃபோன் செய்யவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற அப்ரைசலின்போது, அதாவது ஆண்டுப் பணி மதிப்பீட்டின்போது, பதினான்கு பேரில் இருவருக்கு ஆகக் குறைந்த ரேட்டிங் கொடுத்தே ஆக வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். அப்படிக் குறை சொல்லத்தக்கவர் அணியில் ஒருவர்தான் இருந்தார். இன்னோர் இடத்துக்கு அணியின் சின்னப் பையனா, அண்ணனா என்று இரண்டு நாள் யோசித்து, அண்ணனின் பெயரை எழுதினேன். அவருடைய தாயாருக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியதால் ஏழு வாரம் விடுப்பில் இருந்தார். வாடிக்கையாளரிடம் கணக்குக் காட்டும் பில்லிங் மணிநேரம் குறைந்திருந்தது. காகிதத்தில் காட்ட அந்தக் காரணம் கிடைத்ததே தவிர, அவருடைய வேலையில் எந்தக் குறையும் இல்லை. மூத்தவர், தாங்கிக்கொள்வார், அடுத்த ஆண்டு சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். முன்கூட்டியே அவரிடம் சொல்லவும் செய்தேன். "பரவால்லடா, அந்தச் சின்னப் பையனுக்குப் போடாம எனக்குப் போட்டியே" என்றார். நான்கு மாதம் கழித்து அந்த ரேட்டிங்கை வைத்தே பட்டியல் போட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு அவருடைய காலண்டரில் பதினைந்து நிமிட மீட்டிங் ஒன்று வந்து விழுந்தது. உள்ளே போனவர் பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார். அதற்குள் லேப்டாப்பைப் பூட்டிவிட்டிருந்தார்கள். செக்யூரிட்டி ஒருவர் இரண்டடி தள்ளி நிற்க, சார்ஜரையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் பையில் போட்டுக்கொண்டார். காகிதக் கோப்பையில் காப்பி குடிக்கப் பிடிக்காமல் அவர் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர், பேன்ட்ரி அலமாரியிலேயே தங்கிவிட்டது. போகும்போது அவர் என் பக்கம் திரும்பினார் என்பது எனக்குத் தெரியும். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இப்போது தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. விழித்ததும் கை ஃபோனைத் தேடி ஆபீஸ் மெயிலைத் திறக்கிறது. அடுத்த சுற்று வரும் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். மாதம் 41,000 ரூபாய் வீட்டுக்கடன் தவணை இருக்கிறது. மகளை இந்த ஆண்டுதான் எல்கேஜியில் சேர்த்தோம். காலண்டரில் புதிதாக எந்த மீட்டிங் வந்தாலும் நெஞ்சு இறுகுகிறது. யாரும் கேட்காமலேயே இரவு பதினொன்று வரை வேலை செய்கிறேன். வேலை இருக்கிறதே என்று நிம்மதியாக இருங்கள் என்கிறாள் மனைவி. அந்த நிம்மதியை நினைத்தாலே எனக்குக் கூசுகிறது.

நான் அவரை அழைக்கலாமா? அழைத்தால், உங்களை அனுப்பியது என் ரேட்டிங்தான் என்று சொல்ல வேண்டுமா? இந்தப் பயத்தோடு எப்படி வேலைக்குப் போவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய எச்ஆர்:

இருபத்திரண்டு ஆண்டுகள் மனிதவளப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் சொல்லும் அந்தப் பன்னிரண்டு நிமிட அறையில், மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதை நான் பார்த்த அளவில் சொல்கிறேன்.

முதலில் வருவது பெயர் அல்ல, தொகை. இந்தப் பிரிவின் சம்பளச் செலவில் இவ்வளவு குறைய வேண்டும் என்று முடிவாகும். அது எத்தனை பேர் என்ற தலைக்கணக்காக மாறும். அதன் பிறகுதான் யார் யார் என்று பார்ப்பார்கள். பார்க்கும்போது சம்பளம், அனுபவ ஆண்டுகள், கையில் உள்ள ப்ராஜெக்ட், அவருக்குத் தெரிந்த தொழில்நுட்பம், ரேட்டிங் எனப் பல கட்டங்கள் இருக்கும். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் பணியாளர்களில் சுமார் இரண்டு சதவீதத்தினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களை விடுவிக்கப் போவதாக அறிவித்தபோதும், பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் உள்ளவர்களே அதற்குள் வருவார்கள் என்று சொல்லப்பட்டது. உங்கள் அண்ணனின் அனுபவமும் சம்பளமும் எந்த ரேட்டிங் இருந்தாலும் அவரை ஓரத்தில்தான் நிறுத்தியிருக்கும். உங்கள் கையெழுத்து ஒரு கட்டத்தை நிரப்பியது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒரு கட்டம் உங்களுடையதுதான். குறை இல்லாதவருக்குக் குறை எழுதினீர்கள். அதை நிறுவனத்தின் தலையில் போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன், தூக்கம் வராது. எது உங்கள் பங்கு, எது உங்கள் பங்கு இல்லை என்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் பங்கு என்று எழுதுவதற்கு ஏதாவது செய்ய முடியும். மற்றதற்கு வருந்தலாம், அவ்வளவே.

செய்ய முடிந்தவற்றை வரிசையாகக் கேளுங்கள். அவர் ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர் என்பதால் கிராஜுவிட்டி உண்டு. ராஜினாமா என்று எழுதி வாங்கியிருந்தாலும் உண்டு. கடைசி மாதச் சம்பளத்தில் சட்டம் கணக்கில் எடுக்கும் பகுதியை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்கினால் வரும் தொகை அது. முப்பது நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். ஐந்து வாரம் ஆகிவிட்டதே, வந்ததா என்று கேளுங்கள். ஆட்குறைப்புக்குத் தனியாக, முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு தர வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் அவராக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் காகிதத்தில் அது ஆட்குறைப்பு ஆகாது; அவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியா, மேலாளரா என்ற வாதமும் எழும். எதில் கையெழுத்துப் போட்டார் என்று தெரியாமல் இதில் யாரும் யோசனை சொல்ல முடியாது.

இன்னொன்று அவசரம். தாயாரின் டயாலிசிஸ் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் நடந்திருந்தால், வழக்கமாக அவருடைய கடைசி வேலை நாளோடு அது முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்க வழி உண்டு. நாள் கடக்கக் கடக்க அது கடினமாகும்.

ரேட்டிங் விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. சொன்னால் உங்கள் பாரம் இறங்கும். அது அவர் தலையில் ஏறும்.

ஒரகடம் ஃபிட்டர்:

தம்பி, நான் வேலை இழந்தவர்கள் பக்கம் இருந்தவன், அதனால் எழுதுகிறேன். 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தபோது, மறைமலைநகர் ஆலைக்குள் இருந்தவர்களைப் பற்றிச் செய்திகள் வந்தன. கார் ஆலைகளுக்கு உதிரிபாகம் அடித்துக்கொடுத்த சிறிய கம்பெனிகளில் நடந்தது அவ்வளவாக வெளியே வரவில்லை. அப்படிப்பட்ட ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் நான் பதினாறு ஆண்டு வேலை பார்த்தேன். அடுத்த ஆண்டு மாசியில் எங்கள் அறுபது பேரில் இருபத்திரண்டு பேரைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள்.

பணம் போனது கஷ்டம்தான். அதைவிட, ஒரே ஷிஃப்டில் பதினாறு ஆண்டு சோறு பகிர்ந்து தின்றவர்கள் ஒரே நாளில் இல்லாமல் போனதுதான் என்னை உடைத்தது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சந்தையில் பார்த்த ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அவர்களுக்கு என்ன மனக்கஷ்டம் இருந்தது என்று இன்று உங்கள் எழுத்தைப் படித்தபோதுதான் எனக்குப் புரிகிறது. அன்று எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: கம்பெனி என்னை ஒரு தடவை நீக்கியது, இவர்கள் இரண்டாவது தடவை நீக்குகிறார்கள்.

ஒரே ஒருவர் வந்தார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கையில் ஹெல்மெட்டோடு திண்ணையில் வந்து உட்கார்ந்து பத்து நிமிடம் ஒன்றுமே பேசவில்லை. என் மனைவி கொடுத்த மோரைக் குடித்து முடித்த பிறகு, சட்டைக்குள்ளிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துக் கொடுத்தார். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் மூன்று நாள் நடையாய் நடந்து என் சர்வீஸ் சர்டிபிகேட்டில் கையெழுத்து வாங்கி வந்திருந்தார். நான் போய்க் கேட்டால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சர்டிபிகேட்டைக் காட்டித்தான் ஸ்ரீபெரும்புதூரில் எனக்கு அடுத்த வேலை கிடைத்தது. "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். வேலை இழந்தவனுக்கு என்ன உதவி வேண்டும் என்று யோசித்துச் சொல்லக்கூடத் தெம்பு இருக்காது. இவர் யோசித்து வைத்துக்கொண்டு வந்தார்.

மேலே எழுதிய அம்மா ரேட்டிங்கைப் பற்றிச் சொல்லாதே என்கிறார். மரியாதையோடு மறுக்கிறேன். அவர் உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று உங்கள் வாயாலேயே கேட்டவர். அது எதற்குப் பயன்பட்டது என்று அவருக்குக் கணக்குப் போடத் தெரியாதா? தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் காப்பி குடிப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஜனவரியில் வெளியே வந்தவள்:

நானும் இந்த ஆண்டுதான் வேலை இழந்தேன். ஃபிட்டர் ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சொல்லுங்கள், ஆனால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். என் லீட் என்னைப் பார்க்க வந்து முக்கால் மணிநேரம் அழுதார். நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "உங்கள் மேல் தப்பில்லை" என்று ஏழெட்டு முறை சொல்லி, அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மன்னிப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவரை எதிரில் வைத்துக்கொண்டு கோபப்படக்கூட முடியாது. உங்கள் அண்ணனுக்குக் கோபப்படும் உரிமை இருக்கிறது. அதற்கு இடம் விட்டுப் பேசுங்கள். அவர் ஃபோனை எடுக்காவிட்டால் ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருங்கள், தொடர்ந்து அழைக்காதீர்கள்.

மனநல சமூகப் பணியாளர்:

மற்றவர்கள் அண்ணனைப் பற்றி நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் உங்கள் மூன்று மணி விழிப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

பிழைத்தவரின் குற்றவுணர்வு என்பது மருத்துவத்தில் அறியப்பட்ட ஒன்று. நாஜி வதைமுகாம்களிலிருந்து தப்பியவர்களிடம் கண்டு, வில்லியம் நீடர்லாண்ட் என்ற மனநல மருத்துவர் 1960-களில் இதைப் பற்றி எழுதினார். அந்தத் துயரத்தோடு ஆட்குறைப்பை ஒப்பிடவே கூடாது. ஆனால் "அவர் போனார், நான் ஏன் இருக்கிறேன்" என்ற கேள்வி சிறிய இழப்புகளிலும் எழுகிறது. ஜோயல் ப்ராக்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். உடன் வேலை செய்தவரைப் பாதியில் அனுப்பிவிடுவதைப் பார்த்தவர்கள், அதன்பின் முன்னைவிட அதிகமாக வேலை செய்தார்கள். செய்த அளவு கூடியதே தவிர, தரம் கூடவில்லை. யாரும் கேட்காமல் பதினொன்று வரை நீங்கள் உட்கார்ந்திருப்பதை இதோடு பொருத்திப் பாருங்கள். உழைத்துக் கடன் தீர்ப்பதுபோல் ஒரு மயக்கம் அதில் இருக்கிறது. அந்த உழைப்பு அண்ணனுக்குப் போய்ச் சேர்வதில்லை.

உங்களிடம் இரண்டு உணர்வுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, செய்த ஒரு செயலைப் பற்றிய உறுத்தல். அது நீங்கள் அவரிடம் போனால் ஓரளவு இறங்கும். மற்றொன்று, அடுத்து நான்தானோ என்ற அச்சம். அது அவரிடம் போனாலும் போகாது. அவருக்கு நேர்ந்தது எனக்கு நேர்ந்தால் அது நியாயமான தண்டனை என்று ஒரு மூலையில் நீங்கள் நினைப்பதால்தான் ஒவ்வொரு மீட்டிங் அழைப்பும் தீர்ப்புப்போல் வந்து நெஞ்சை அடைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அச்சத்துக்குச் செய்யக்கூடியவை எளியவைதான். ஃபோனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள், அலாரத்துக்கு நூறு இருநூறு ரூபாயில் ஒரு கடிகாரம் வாங்குங்கள். விழிப்பு வந்து இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் எழுந்து வந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கண் சொருகும்போது திரும்பிப் போங்கள். படுக்கையில் புரண்டபடி கணக்குப் போடாதீர்கள். கணக்கை மாலையில் போடுங்கள், மனைவியோடு உட்கார்ந்து, தாளில். வேலை போனால் கையிருப்பில் எத்தனை மாதம் தவணை கட்டலாம், எந்தச் செலவை நிறுத்தலாம், பள்ளிக் கட்டணம் எப்போது வரும் என்று எழுதிவிட்டால், மூன்று மணிக்கு மனம் கேட்கும் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு பதில் இருக்கும். நான்கு மாதம்தான் தாங்கும் என்று வந்தால்கூட, அந்த நான்கு என்ற எண் உருவமில்லாத பயத்தைவிட மேலானது. அதே வாரத்தில் உங்கள் ரெஸ்யூமையும் எழுதிவிடுங்கள்.

ஐந்து வாரமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது. இதோடு பசியும் குறைந்தாலோ, எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனாலோ காலம் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு இறுகுவதைப் பதற்றம் என்று நீங்களாக முடிவு செய்யாமல், ஒருமுறை பொது மருத்துவரிடம் காட்டி இதயத்தில் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இந்த எண்ணை உங்கள் அண்ணனுக்கும் தெரியப்படுத்துங்கள்.

கேளம்பாக்கம் வாசி:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. புதன்கிழமை மதியம் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிப் போய் அவரை அழைத்தேன். முதலில் கட் செய்தார். செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து அவரே அழைத்தார். அம்மாவோடு டயாலிசிஸ் வார்டில் இருந்தாராம்.

ஜனவரியில் வெளியே வந்த சகோதரி சொன்னபடி, "நான் போட்ட ரேட்டிங்கும் இதுக்கு ஒரு காரணம்ணா, அது தப்பு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் டிராலி உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அது தெரியும்டா. நீ அன்னிக்கு ஒரு தடவ தலையத் தூக்கிப் பாத்திருக்கலாம்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரும் அதை மேற்கொண்டு பேசவில்லை.

குழுக் காப்பீடு முடிந்த விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம் என்பது தெரியவில்லை. அன்று மாலையே காப்பீட்டு நிறுவனத்துக்கு மெயில் எழுத இருவரும் ஃபோனில் சேர்ந்து உட்கார்ந்தோம். கிராஜுவிட்டி இன்னும் வரவில்லை. ராஜினாமா என்று எழுதித்தான் வாங்கியிருக்கிறார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். டம்ளரைப் பேன்ட்ரியிலிருந்து எடுத்து வந்து கழுவி என் பையில் வைத்திருக்கிறேன்.

மனைவியோடு கணக்கும் போட்டோம். ஐந்தரை மாதம் வருகிறது. நேற்றும் மூன்றே காலுக்கு விழிப்பு வந்தது, ஆனால் ஃபோன் கூடத்தில் இருந்தது. நாளை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். பழைய எச்ஆர் அம்மாவிடம் ஒரு கேள்வி: கிராஜுவிட்டி கேட்டு யாருக்கு எழுத வேண்டும்?

பழைய எச்ஆர்:

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கேட்க வேண்டும்; ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், மெயில் நகலும் அனுப்பட்டும். சேர்ந்த தேதி, கடைசி நாள், கடைசி அடிப்படைச் சம்பளம் மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும். பணம் வராவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் மனுப் போடலாம்; பல மாநிலங்களில் கிளை உள்ள நிறுவனம் என்றால் வழக்கமாக மாநில அலுவலகத்துக்கு அல்ல, மத்திய தொழிலாளர் ஆணையரின் சென்னை அலுவலகத்துக்குப் போக வேண்டும். தாமதத்துக்கு வட்டி கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. ரேட்டிங் பற்றி நான் சொன்ன யோசனை உங்கள் அண்ணன் விஷயத்தில் தவறாகப் போயிருக்கும். ஃபிட்டர் ஐயா சொன்னதே சரி. சனிக்கிழமை போகும்போது அவருடைய ஆஃபர் லெட்டரையும் ராஜினாமா நகலையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதினால், இழப்பீட்டைப் பற்றி மேற்கொண்டு பேசலாம்.